கார்த்திகேசுவின் வலது தோள்

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்துக்குள் அமுதவள்ளி செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தாள்.

"அக்கா, ராஜன் அண்ணே சாயங்காலம் போலீஸ் ரிப்போர்ட் குடுக்கப் போறாரு. என் கடைக்கு எடம் குடுத்தவரு இப்பவே காலி பண்ணச் சொல்றாரு."

சீதாலெட்சுமி நாற்காலியைக் காட்டினார். "உக்காரு. மொதல்லேருந்து சொல்லு."

அமுதவள்ளி கிள்ளானில் தன் பெயரில் சன்ஸ்கிரீன் விற்பவள். தைப்பூசத்துக்கு ராஜனின் காவடிக் குழுவுக்கு அதை இலவசமாகக் கொடுத்தாள். பத்துமலையிலிருந்து திரும்பிய மறுநாள், காவடி எடுத்த கார்த்திகேசுவின் தோல் கொப்புளமாக வெடித்தது. அவள் விஷம் பூசிவிட்டதாக ராஜன் வீடியோ போட்டுவிட்டார். ஊரே பார்த்துவிட்டது.

உதவியாளன் கிஷன் அதற்குள் கார்ச் சாவியை எடுத்துவிட்டான். அவனுடைய ஆர்வம் எப்போதும் யோசனைக்கு முன்னால் ஓடும்.

மூவரும் போனபோது, கிள்ளானில் ராஜன் வீட்டு முன்கூடத்தில் குழுவே கூடியிருந்தது. நடுவில் கார்த்திகேசு சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். வலது தோளும் மேல்கையும் வெந்து நீர் வடிந்தன. அந்தச் சிவப்புக்கு நடுவே மேல்கையில் மூன்று கோடுகள் மட்டும் நல்ல தோல். இடது கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"வாசனைதான் அக்கா," என்றான் கிஷன். "கிரீம்ல மல்லிகை சென்ட், சந்தனத்துல இன்னொரு சென்ட். ரெண்டும் சேந்து கடிச்சிருச்சு."

"சந்தனம் எங்க பூசினீங்க, தம்பி?"

"நெஞ்சுல," என்றான் கார்த்திகேசு. நெஞ்சு சுத்தமாக இருந்தது.

"கிரீம்?"

"நெஞ்சு, முதுகு, ரெண்டு கை. அதுக்கு மேல ரெண்டு கையிலயும் விபூதிப் பட்டை."

"எங்க எல்லாருக்கும் அதே டியூப்தான்," என்றார் ராஜன். "என்னத்த துருவுறீங்க?"

"அப்ப நீங்க ஏன் வேகல?"

ராஜன் தன் தோளைத் தடவிப் பார்த்தார்.

யாரோ தண்ணீர் நீட்டினார்கள். கார்த்திகேசு இடது கையால் வாங்கினான்.

"இடதுகைப் பழக்கமா?"

"இல்லக்கா."

"என்ன வேலை?"

"போர்ட்ல கப்பல் மூட்டைங்கள லோரிக்கு ஏத்துறேன்."

"வலது தோள் வலிக்குதா? மருந்து ஏதாச்சும் போட்டீங்களா?"

அவன் ராஜனைப் பார்த்துவிட்டு, "இல்ல," என்றான்.

சீதாலெட்சுமி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கிரீம் ரெண்டு கையிலயும் இருந்துச்சு. வெயிலும் ரெண்டு கையிலயும் பட்டுச்சு. வெந்தது ஒண்ணுதான். அப்ப வலது பக்கம் மட்டும் இன்னொரு சங்கதி இருந்திருக்கு. விபூதி கெட்டியா மறைச்ச இடம் வேகல. அந்தச் சங்கதி கடிக்கணும்னா வெயில் வேணும். வலி ஜெல்லுல சிலது அப்படித்தான். நேத்து நிறுத்தியிருந்தாலும் இன்னைக்கு வெயில் பட்டா வேகும். ராஜன் அண்ணே, விரதத்துல மருந்து தொடக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. முருகனுக்கு எடுக்கிறவன் வலியத் தாங்கணும் லா."

கார்த்திகேசு தலையைக் குனிந்தான். "தெனமும் ஜெல் தடவினேன், அண்ணே. டாக்டர் கேட்டப்பயும் நீங்க பக்கத்துல நின்னீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா காவடி குடுத்திருப்பீங்களா?"

கிஷன் முன்னால் பாய்ந்தான். "அப்ப கிரீமுக்குச் சம்பந்தமே இல்ல!"

"இருக்கலாம்," என்றார் சீதாலெட்சுமி. "அந்த ஜெல் ஒத்துக்காத தோலுக்கு சில சன்ஸ்கிரீன்ல இருக்கிற மருந்தும் ஆகாது. தோல் டாக்டர் டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும். இவர் இனி ரெண்டையும் தொடவேணாம். அமுதவள்ளி, நீ டியூப்ல அத எழுதிப் போடு. ஆனா இதுல விஷம் வச்சவங்க யாரும் இல்ல."

ராஜன் கார்த்திகேசுவின் தோளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். வீடியோவைத் தொடங்கி, "ஒரு தப்பு நடந்துபோச்சு," என்றார் தாழ்ந்த குரலில்.

அமுதவள்ளி அவர் எதிரே வந்து நின்றாள்.

"என் பேரச் சொல்லி ஆரம்பிங்க, அண்ணே. அன்னைக்கு சொன்ன அதே சத்தத்துல."