அழித்த இடத்து வெளிச்சம்

தொடாத படத்தில் ஒளி எப்படி வந்தது என்பதுதான் கிருபாவதிக்குப் பிடிபடவில்லை.

டிரோனிலிருந்து படம் கம்ப்யூட்டருக்கு வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பண்ணைப்புரத்து வாழைத்தோப்பு, நடுவே வாய்க்கால், பின்னால் மேகம் இறங்கிய மலை. எல்லாம் பளிச்சென்று தெளிவாக இருக்க, வாய்க்கால் மேட்டில் ஓர் இடம் மட்டும் பால் பொங்கியதுபோல் வெளுத்திருந்தது. அங்கே நிற்க வேண்டியவன் அவள் கணவன் ஈஸ்வரபாண்டி.

டிரோன் பறக்கவிடுகிறவன் எப்படியும் படத்துக்குள் எறும்பளவாவது விழுந்துவிடுவான். காலண்டருக்குப் படம் கேட்ட ரிசார்ட்காரனுக்கோ மனித வாடையே ஆகாது. விளைச்சல் வேண்டும், விளைவித்தவன் மட்டும் கண்ணில் படக்கூடாது. அதனால் பக்கத்திலிருக்கும் வாழை இலையைப் பிரதி எடுத்து ஒட்டித்தான் ஒவ்வொரு படத்திலும் கணவனை அழிப்பாள். ஒட்டு தெரியாமலிருக்க முழுப்படத்தையும் இன்னொரு பிரதி எடுத்து, மங்கவைத்து, மெல்லிய ஒளியாக மேலே போர்த்துவாள். பார்க்கிறவர்கள் பனி என்று மெச்சுவார்கள். இன்றைய முதல் படத்தில் அவசரத்துக்குக் கிழிந்த இலை ஒன்றையே இரண்டு முறை ஒட்டி, அசலின் மேலேயே சேமித்தும் விட்டாள். கம்ப்யூட்டரில் இடமில்லை, எப்போதும் அப்படித்தான்.

போன் போட்டாள்.

"எங்கன நிக்கிறீக?"

"வழக்கமா நிக்கிற எடந்தான். ஏன்?"

"படத்துல உங்களக் காணோம்."

"அதான் நீயே அழிச்சுப்புடுவியே, ஆத்தா." சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. "கிருபா... பொழுது சாயுற நேரத்துல இம்புட்டு வெளிச்சம் எங்கிட்டு இருந்து வருது? கண்ணு கூசுது. மூஞ்சிய யாரோ தேய்க்கிற மாதிரி இருக்கு."

மவுஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். அடுத்த படம் வந்து விழுந்தது. வாய்க்கால் தண்ணீரில் ஒரு நிழல் நீளமாகக் கிடந்தது. மேட்டில் ஆள் இல்லை.

"டிரோன எறக்குங்க. அதுக்குள்ள இருக்க கார்டுல அசல் படம் இருக்கும். அத எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

"என்னாச்சு?"

"வாங்கன்னா வாங்க!"

அசல் கையில் கிடைத்தால் அவனை மீட்டுவிடலாம் என்று நம்பினாள். அது பைத்தியக்காரத்தனம் என்றும் தெரிந்தது. ஆனாலும் அதை விட்டால் வேறு பிடி இல்லை.

கரண்ட் போனது. கம்ப்யூட்டரின் உறுமல் அடங்கியதும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும், ஜன்னல் வழியே வந்த ஈரமண் வாசமும், அதற்குள் எப்படியோ கலந்திருந்த வாழைச்சாற்றின் துவர்ப்பு நெடியும் அறையை நிறைக்க, அவள் நாற்காலியை விட்டு எழப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. எத்தனை படங்களில் அவனை எத்தனை சுலபமாகத் துடைத்திருக்கிறாள்.

பைக் சத்தம். ஸ்டாண்ட் போடும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம்.

கதவிடுக்கில் வெளிச்சம். தெருவிலும் கரண்ட் இல்லை.

திறந்தாள்.

ஈஸ்வரபாண்டிதான். போகும்போது போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. சேறு அப்பிய கால். நீட்டிய கையில் கார்டு. எல்லாம் தெளிவாக இருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் வெளிச்சம் பொங்கிக்கொண்டிருந்தது.

அது மெல்ல அடங்கியது.

கண் இல்லை. வாய் இல்லை. கிழிந்த வாழை இலை ஒன்று. பக்கத்திலேயே, அதே கிழிசலோடு, அதே இலை.

இலைகள் அசைந்தன.

"கிருபா, நல்லா வந்திருக்கா?"