கிவும்பாச் சரிவின் வண்டுகள்

செத்த வண்டுகள் இருந்த பெட்டிக்குள்ளிருந்து இலை கடிபடும் சத்தம் கேட்டது.

சலாமா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். உசம்பரா மலையில் மதியமே மூடுபனி இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. ஜெர்மன்காரர் ஆண்ட காலத்து அந்தக் கல்வீடு முழுக்க அந்துருண்டை வாசனையும் ஈரப் பலகையின் வாசனையும் நிறைந்திருக்க, அவற்றுக்கு அடியில், யாரோ பச்சை இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கியது போல இன்னொரு வாசனை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தாள். ஊசியில் குத்தப்பட்ட இலைவண்டுகள் வரிசை கலையாமல் இருந்தன. செம்பு நிற முதுகு, கறுத்த தலை. கிவும்பாச் சரிவில், பெயர் தெரியாத ஒரு கொடியின் மேல், அவளும் ஹோசாவும் மழையில் நனைந்தபடி பிடித்தவை. அதுவரை யாரும் விவரித்திராத இனம்.

அவற்றின் கீழிருந்த குறிப்புச் சீட்டுகளின் ஓரங்கள் அரிக்கப்பட்டிருந்தன.

"அக்கா!" ஹோசா கதவருகே நின்றான். அந்த வீட்டில் இயங்கிய ஆய்வு நிலையத்தின் ஓட்டுநர் அவன். காட்டுக்குள் அவளுக்குத் துணையும் அவன்தான். "சாயங்காலம் வண்டி வருது. பெட்டியக் கட்டிக் குடுக்கச் சொல்லி இயக்குனர் மறுபடி போன் பண்ணாரு. பேரெல்லாம் ஐரோப்பாவுல வச்சுக்குவாங்களாம்."

"வண்டி வர்றதுக்குள்ள விவரத்த எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிருவேன். பேரு நான்தான் வைப்பேன்."

"அந்தக் கொடியத் தொட்டதுலேர்ந்து என் நாயே என் பக்கத்துல வர மாட்டேங்குது. உங்களுக்குப் பேரு பெருசாப் போச்சு."

"நீ குளிச்சா நாய் வரும். போ, போய் இஞ்சி டீ போட்டுக் கொண்டா."

அவன் சிரித்தான். ஆனால் பெட்டியைப் பார்க்காமலேயே திரும்பிப் போனான்.

அந்த வீட்டு அலமாரிகளில் நூறு வருடத்து வண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வந்துபோன ஏதோவொரு துரையின் பெயர். அவற்றைத் தலையில் சுமந்து மலையிறங்கிய, இந்த மலையின் மக்களான ஷம்பா ஆட்களில் ஒருவர் பெயர்கூட எதற்கும் இல்லை. மாணவியாக முதன்முதலில் இங்கே நுழைந்த அன்று ஒவ்வோர் இழுப்பறையாகத் தேடிப் பார்த்தவள் அவள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இனத்தின் பெயருக்குச் சாட்சியாக நிற்கப்போகும் வண்டை எடுத்து வில்லைக்கு அடியில் வைத்தாள். முதுகு ஓட்டின் குழிகளைப் பார்த்துப் பார்த்து மடிக்கணினியில் தட்டெழுதினாள். பளபளப்பு. கால்களின் நிறம். உணர்கொம்புகளின் நீளம்.

கொம்பு அசைந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

நறுக். நறுக்.

சத்தம் இப்போது பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. அலமாரியில் காதை வைத்தாள். அங்கும் இல்லை. அவள் எங்கே போனாலும் அது கூடவே வந்தது. மிக அருகில். கம்பளிச் சட்டையின் இடது கைக்குள்.

சட்டைக் கையை மேலே இழுத்தாள்.

புறங்கையில் ஒரு சின்ன ஓட்டை. ரத்தம் இல்லை. வலி இல்லை. ஓட்டை வழியே மேசையின் மரம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது. தின்பது எது என்று மட்டும் தெரியவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. கூப்பிட்டால் ஹோசா ஓடி வருவான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவான். பெட்டி சாயங்கால வண்டியில் ஏறிவிடும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தின்னு," என்றாள், பெட்டியைப் பார்த்து. "நல்லாத் தின்னு. உனக்குப் பேரு வைக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்."

ஒற்றைக் கையால் எழுதினாள். நறுக். நறுக். கன்னத்தில் குளிர்ந்த காற்று, உள்ளே வரை. திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரி. பெயர்: கிவும்பா. எந்தத் துரையும் இல்லை. எங்கள் மலை.

அனுப்பினாள். போய்விட்டது.

ஹோசா டீயோடு வந்தபோது அறை இருண்டிருந்தது. "இருட்டுல என்னக்கா பண்றீங்க?" என்றபடி விளக்கைப் போட்டான்.

பெட்டியில் ஊசிகள் மட்டும் நின்றன.

"பேரு வச்சாச்சு, ஹோசா," என்று சலாமா இடது கையை உயரத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் ஆடின. அந்தக் கையில் சதை இல்லை, எலும்பும் இல்லை. இலை நரம்பு வலை மட்டும் ஈரப் பச்சையாக விரிந்திருந்தது. அதன் கண்ணிகள் வழியே விளக்கொளி அவள் முகத்தில் விழ, ஓட்டை விழுந்த கன்னத்துக்குள் பற்கள் தெரிய, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.