மூன்று மில்லிமீட்டர் திருட்டு

“கியர்பாக்ஸைக் கழற்றவே வேண்டாம். வெளியே நின்னே உள்ளே என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுவேன். ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டேன்,” என்றாள் பேருந்துப் பணிமனையின் ஸ்டோர் அம்மா.

அவள் தோள் உயரம்கூட இல்லாத மேலாளர் அண்ணாந்து சிரித்தார். “உங்க கண்ணு என்ன எக்ஸ்ரே மிஷினா?”

“அதுக்குக் கரண்டு வேணும் சார்.”

காலை 8.20. ஒன்பதாம் நம்பர் பேருந்தைக் கொட்டகைக்கு இழுத்து வந்திருந்தார்கள். முந்தின நாள் மாட்டிய புத்தம் புது கிளட்ச் தட்டு, முதல் நடையிலேயே பாலத்து ஏற்றத்தில் கருகிப்போனது. அந்த நாற்றத்தில் ஆற்று மீன்களே மூக்கைப் பொத்திக்கொண்டனவாம். பழி முழுக்க அதை மாட்டிய பிட்டர் தலையில். தட்டின் பிடியை விடுவிக்கும் கிளட்ச் விரல்களுக்கும் அவற்றைத் தள்ளும் பேரிங்குக்கும் நடுவே அவன் இடைவெளி விடவில்லை, அதனால்தான் தட்டு வழுக்கிக் கருகியது என்று மேலாளர் அறிக்கை எழுதிவிட்டார். பத்து மணிக்கு அது மேலே போனால் பிட்டருக்கு வேலை இல்லை.

பிட்டர் அவளுக்குக் கொழுந்தன். ஆறடிக்கு மேல், நிமிர்ந்தால் கொட்டகை உத்தரம் வலியில் கத்தும்.

“மூணு மில்லிமீட்டர் அண்ணி! பார்வைத் துளை வழியா அளந்து விட்டேன்.”

“கியர்பாக்ஸ் போல்ட் மேல இவன் போட்ட பெயிண்ட் கோடு அப்படியே இருக்கு,” என்றார் மேலாளர். “யாரும் திறக்கல. இடைவெளி என்ன, பறந்தா போச்சு?”

8.40. டிரைவரைக் கேட்டாள். “காலைல எடுக்கறப்போ ஏதாவது மாற்றம்?”

“சீட்டு ஸ்டியரிங்கோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. முட்டி மூக்குல இடிச்சுது. பெடல் வேற கல்லு மாதிரி. புதுசுன்னா அப்படித்தான்னு நெனைச்சேன்.”

8.50. ஸ்டோர் மேஜையின் இழுப்பறைப் பிடி லேசாக ஆடியது. மேலாளர் பேச்சை விட்டுவிட்டு, பாக்கெட்டிலிருந்து குறடை எடுத்து அதை இறுக்கினார். ஆடுவது எதுவும் அவருக்கு ஆகாது. அவர் இறுக்கிய ஜன்னல் இரண்டு வருஷமாகத் திறக்கவில்லை.

9.05. டார்ச்சோடு வண்டிக்கு அடியில் குனிந்தாள். கியர்பாக்ஸுக்கு வெளியே, பெடலிலிருந்து வரும் கம்பியின் நட்டில் புதிதாகப் பல் பதிந்த தடம் பளபளத்தது.

“இந்த நட்டைத் திருகினா உள்ளே பேரிங் நகர்ந்து விரல்களோட ஒட்டிக்கும். பூட்டைத் திறக்காமலே மூணு மில்லிமீட்டர் காலி. என் கொழுந்தன் ஸ்பேனர் இல்லாம நட்டைத் தொட மாட்டான். இது குறடு கடிச்ச தடம். நேத்து சாயங்காலம் ஒரு குள்ளமான ஆள் சீட்டை முன்னாடி இழுத்து, பெடலை அமுக்கிப் பார்த்திருக்கார். ஒரு இன்ச் சும்மா இறங்கியிருக்கு. அந்த ஆட்டம்தான் கிளட்சோட உயிர்னு தெரியாம, பழுதுன்னு இறங்கி இறுக்கிட்டார். சார், உங்க குறடைக் கொஞ்சம் தர்றீங்களா?”

மேலாளரின் காதுகள் சிவந்தன. பேரிங்குக்குக்கூட அன்று அவ்வளவு சூடு ஏறியிருக்காது.

“லொடலொடன்னு இருந்துச்சும்மா,” என்றார், அறிக்கையை இரண்டாகக் கிழித்தபடி. “நான்தான் இறுக்கினேன்.”