உக்காதவை

பின்வாசல் படியில் மீன் தலைகள் இருந்தன. நேற்றுப் பின்னேரம் சுலோஜனா தன் கையாலேயே, குசினிக் கழிவை உக்க வைத்து உரமாக்கும் பசளைப் பீப்பாவுக்குள் கொட்டி மூடிய மீன் தலைகள். காகமோ பூனையோ இழுத்துப் போட்டிருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறிக் கிடந்திருக்கும். இவை கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக, எல்லாக் கண்களும் குசினிக் கதவைப் பார்க்கும்படி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன.

"பூனையாக்கும்," என்றான் அவள் புருசன் சதீசன், தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்து.

பூனை வரிசை கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. அப்படி அடுக்கி வைக்கும் பழக்கம் அந்த வளவில் ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி போன கிழமைதான் முடிந்தது.

கல்லடியில் வாவியைப் பார்த்து நிற்கும் அந்த வீட்டைக் கட்டியவள் சுலோஜனாவின் அக்கா கண்ணகை. குவைத்தில் யார் யாருடைய கக்கூசையோ கழுவிக் கழுவிக் கட்டிய வீடு. தனக்குக் கலியாணம் சரிவராமலே போய்விட, வீடில்லாத பெண்ணை இந்தப் பக்கத்தில் யார் கட்டுவான் என்று, அதைத் தங்கைக்கே சீதனமாகக் கொடுத்தாள். "எனக்கு முன் அறை ஒண்டு போதும் கா," என்றாள். நோயோடு அவள் ஊர் திரும்பியபோது, இருமல் சத்தத்தில் நித்திரை வருகுதில்லை என்று சொல்லி, அந்த ஓர் அறையிலிருந்தும் அவளை எடுத்து வளவின் கோடியில் தகரக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தாள் தங்கை. நன்றி என்பது சுலோஜனாவுக்குத் தொண்டையில் இறங்காத பண்டம்.

கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் பீப்பா நின்றது. மாநகர சபையால் வீடு வீடாகக் கொடுத்த, காற்றுத் துளை போட்ட கறுப்புப் பீப்பா. வேறு துணையில்லாத கண்ணகை அதோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அதற்குப் போடுவது மரக்கறித் தோல், முட்டைக் கோது, தேயிலைச் சக்கை, பிடுங்கிய புல், அதற்கு மேல் ஒரு படை வாழைச் சருகு. மீனும் இறைச்சியும் வெந்த சோறும் எண்ணெய் பட்டதும் ஆகாது. தங்கை வேண்டுமென்றே கண்டதையும் கொண்டுவந்து கொட்டுவாள். அக்கா அவ்வளவையும் பொறுக்கி எடுத்து, கழுவி, குசினிப் படியில் அடுக்கி வைப்பாள். "இதுவும் ஒரு வயிறுதான் கா. உக்கிறதக் குடு. உக்காதத நான் திருப்பித் தாறன்."

மாரிமழை கொட்டிய ஒரு பின்னேரம், மரக்கறித் தோல் வாளியோடு போன கண்ணகை பீப்பாவடியில் வழுக்கி விழுந்தாள். எழும்ப முடியாமல் கூப்பிட்டாள். மழையையும் மீறி வீட்டுக்குள் கேட்டது. சதீசன் கதிரையை விட்டு எழும்பினான்.

"இரிங்க. மழை விடட்டும்," என்றாள் சுலோஜனா.

முதல்நாள்தான் அக்கா முன் அறையைத் திருப்பிக் கேட்டிருந்தாள். இன்றைக்கு அறை, நாளைக்கு வீடு என்று சுலோஜனாவின் மனதுக்குள் கணக்கு ஓடியது. சதீசன் திரும்ப இருந்தான். இருந்து, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். மழை விடியத்தான் விட்டது.

படியில் கிடந்த மீன் தலைகளைச் சுலோஜனா திரும்பவும் பீப்பாவுக்குள் போட்டு, ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி மூடிக்கு மேல் வைத்தாள். அடுத்தநாள் குழவி மூடியில் அப்படியே இருந்தது. தலைகள் படியில் இருந்தன. பழைய சோற்றைப் போட்டாள், உருண்டை பிடித்து வந்தது. பொலித்தீன் பையைப் போட்டாள், நான்காக மடித்து வந்தது. என்றாலும் போடுவதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீட்டுக்காரி யார் என்று ஆகிவிடும்.

பிறகு ஒரு காலை, படியில் தலைகள் இல்லை. முள்ளும் மண்டை ஓடும் மட்டும் இருந்தன, சோப்புப் போட்டுக் கழுவிய பீங்கான் போல வெள்ளையாக.

அவள் போய்க் குழவியை இறக்கிவிட்டுப் பீப்பாவின் மூடியைத் தூக்கினாள். கெட்ட நாற்றம் ஏதும் இல்லை. மழை நனைத்த மண்ணின் வாசமும், அதற்கு அடியில், அக்கா நெஞ்சில் பூசும் தைலத்தின் வாசமும் சூடாக முகத்தில் அடித்தன. உள்ளே கறுகறுவென்று பொடிந்து கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அது மெல்லத் தாழ்ந்தது, மெல்ல உயர்ந்தது. அவள் மூடியையும் குழவியையும் திரும்பப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சதை தின்ன அதைப் பழக்கியது யார் என்று யோசித்தாள். தான்தான் என்று தெரிந்தது.

அதன்பிறகு பீப்பா முள்ளைக்கூட மிச்சம் வைக்கவில்லை, கொடுக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. கொடியில் காயப்போட்ட சதீசனின் பருத்திச் சேட்டைக் காணவில்லை, அதன் பொத்தான்கள் படியில் இருந்தன. வாசலில் கழற்றிவிட்ட அவனுடைய தோல் செருப்பில் தோல் இல்லை, ரப்பர் அடியும் கொளுக்கிகளும் இருந்தன. அவனுடைய தலையணை உறை போனது. பிறகு உள்ளிருந்த பஞ்சு. எல்லாம் அவனுடையவை.

சதீசன் பூனைக் கதையை விட்டுவிட்டான். கன்னம் ஒட்டிப்போய், கையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே இருந்தான்.

"போவம் சுலோ. களுதாவளைக்கு, எங்கட மாமி வீட்ட. கொஞ்ச நாளைக்கு."

"வீட்ட விட்டுப்போட்டா?"

"அது என்னத்தான் தேடுது புள்ள. உனக்கு விளங்கலையா?"

அவளுக்கு நன்றாகவே விளங்கியது. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் படலையைப் பூட்டிக்கொண்டு தான் வெளியே நிற்பதை நினைத்தபோது, அந்தப் பாவம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"வீட்ட விட்டுப் போனா அவள் வென்ற மாதிரி. நான் அசையமாட்டன். நீங்களும் போக வேணா."

அவன் எழும்பினான். பிறகு சாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கழிசானும் பெல்ட்டும் போட்டான். "அப்ப அந்தப் பீப்பாவத் தூக்கி வாவிக்குள்ள தள்ளிப்போட்டு வாறன். இருளுறதுக்கு முதல்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். சொல்லவில்லை. பீப்பா போனால் வீடு மிஞ்சும்.

குசினி யன்னலுக்குள்ளால் அவன் வளவைக் கடந்து போவது தெரிந்தது. வாழைகளுக்குப் பின்னால் முதுகு மறைந்தது. குழவி நிலத்தில் விழும் சத்தம். மூடி திறக்கும் சத்தம். வாவிப் பக்கமிருந்து வந்த காற்று நின்றது, நீர்க்காகங்கள் அடங்கின, குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்கூட அடுத்த சொட்டை மறந்ததுபோல் இருந்தது. பிறகு ஒரு நீண்ட, மெத்தென்ற சத்தம், ஈரச் சருகுக் குவியலில் யாரோ ஆறுதலாகப் படுப்பதுபோல.

"இஞ்சேருங்க?"

அவள் யன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க... சரியா?"

அவள் படியிறங்கினாள். மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வாழையிலைகள் அசையவில்லை. கொட்டில் கதவு திறந்து கிடந்தது. பீப்பா நின்ற இடத்திலேயே நின்றது. துளைகளால் ஆவி வந்தது.

அதற்கு முன்னால், நன்றாகக் கூட்டிய தரையில், வரிசை.

பெல்ட்டின் கொளுக்கி. கழிசானின் சிப். மணிக்கூடு, ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசி. கலியாண மோதிரம்.

மோதிரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளமான இரும்புத் தகடு. கதவுப் பிணைச்சல் என்று நினைத்தாள். குனிந்து எடுத்தாள். சூடாக இருந்தது. ஓரமாக அதன் திருகாணிகள், ஒன்றும் குறையாமல், பளபளவென்று. அப்போதுதான் நினைவு வந்தது. சதீசன் மோட்டார் சைக்கிளோடு விழுந்த வருசம். தொடை எலும்பு. அதைப் பொருத்தி டாக்குத்தர் உள்ளே வைத்துப் பூட்டிய தகடு.

தகட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

வரிசை அதோடு முடியவில்லை. கொஞ்சம் இடம் விட்டு, கடைசியாக, சோடியாக, இரண்டு தங்கத் தோடுகள். சின்னப் பூப்போட்டவை. அவளுக்குத் தெரிந்தவை.

கையைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

துளை இருந்தது. தோடு இல்லை. விரல் பட்டதும் காது மடல் பொடிந்து உள்ளங்கையில் உதிர்ந்தது. வலிக்கவில்லை.

மண். கறுப்பாக, சூடாக.