வெட்டாமல் விட்ட மருமகள்

செத்தவர்களுக்கு மூக்கு வேலை செய்யாது. எங்கள் தெருவில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மல்லிகைச் சரத்தை முகத்தில் அப்பிக்கொண்டாலும் தெரியாது, சாக்கடை ஓரம் பாய் போட்டுப் படுத்தாலும் தெரியாது. அப்படியிருக்க, தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்த பவன்குமார் வாசலில் செருப்பைக் கழற்றியபோது அவன் மேலிருந்து ஈர மஞ்சள் வாசனை குப்பென்று வந்தால், அவனுக்காகக் கதவைத் திறந்த தரணிக்கு எப்படி இருக்கும்?

"இன்னா இது, மஞ்ச வாசன?" என்றாள்.

"உனுக்கு வாசன வேற தெரியுதா?" என்று சிரித்தான். சிரித்தவன் கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

இந்த ஜோடியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் சத்தியவேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். இவள் திருப்பதியில் டிகிரி படித்துக்கொண்டிருந்தாள், அவன் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தான். பஸ்ஸில் பார்த்து, போனில் பேசி, கடைசியில் இவளுடைய நைனா போனைப் பிடுங்கித் தரையில் அடித்ததும், திருப்பதியில் ஓர் ஒற்றை அறையைப் பேசிவைத்துவிட்டு பைக்கில் கிளம்பிவிட்டார்கள். புத்தூர் தாண்டி மணல் டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் நின்றிருந்தது. அந்த அறைக்கு அவர்கள் போய்ச் சேரவே இல்லை. ஆனால் இந்தப் பக்கம் வந்து கண் விழித்தபோது, அதே ஷீட் கூரை, அதே பச்சைக் கதவு, அதே சிமெண்டுத் தரையோடு அந்த அறை எங்கள் தெருவில் நின்றிருந்தது. சாவி தரணியின் கையில் இருந்தது.

உயிரோடு இருந்தபோது டீக்கடையில் சேர்ந்து உட்காரத் தைரியம் இல்லாத பிள்ளைகள், செத்துப்போய்க் குடித்தனம் போட்டுவிட்டன என்று தெருவே வாயில் போட்டு மென்றது. வேறு என்ன வேலை இருக்கிறது இங்கே? இங்கே எப்போதும் விளக்கு வைக்கும் நேரம்தான். உச்சி வெயில் கிடையாது, விடியல் கிடையாது, தூக்கம் கிடையாது. தரணி காலிச் சட்டியை வைத்துக் கரண்டியால் கிளறுவாள். பவன் காலித் தட்டில் பிசைந்து, "கருவாட்டுக் கொழம்பு சூப்பரு, உப்புதான் கம்மி" என்பான். "துன்னுட்டு குத்தம் சொல்லாத" என்று கரண்டியால் அவன் முட்டியில் ஒன்று போடுவாள். தொட்டால் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. தொட்டது மட்டும் தெரியும். அவளுக்கு அது போதுமாக இருந்தது. இதற்காகத்தானே செத்தாள்?

மஞ்சள் வாசனை வந்ததற்குப் பிறகு அவன் தட்டின் முன்னால் உட்காரவில்லை.

"வயிறு ரொம்பிக்கீது" என்றான்.

காலி வயிறு எதனால் ரொம்பும்? அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். அப்படியே சட்டியை மூடிவிட்டு, பெருக்குவதற்கு ஒன்றுமில்லாத தரையைப் பெருக்கப் போனவள்தான், கதவு நிலைக்குக் கீழே சிமெண்டு வெடித்திருந்த இடத்தில் அதைப் பார்த்தாள். சின்ன முளை. சாம்பல் பூத்த மாதிரி தடித்த இரண்டு இலைகள், மாவைத் தூவி விரலால் தேய்த்துவிட்டது போல. எங்கள் தெருவில் புல்கூட முளைக்காது. ஒரு இலையை நகத்தால் கிள்ளினாள். கிள்ளிய இடத்திலிருந்து பால் வழிந்தது, வெள்ளையாக, நிறுத்தாமல்.

எருக்கு. ரதசப்தமிக்குத் தலையில் இலை வைத்துக் குளிக்கும்போது, பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று அம்மா கத்துவாள்.

"அத்த ஏன் கிள்ற? கெடக்கட்டுமே, பாவம்" என்றான் பவன், பாயில் படுத்தபடியே. அவன் கழுத்தை இவள் பக்கம் திருப்பவே இல்லை. கிள்ளியது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

தண்ணீரே வராத குழாயடிக்கு எங்கள் தெருப் பெண்கள் பழக்கதோஷத்தில் குடத்தோடு போய் வரிசையில் நிற்பார்கள். வரிசையில் முதல் ஆள் எப்போதும் கங்கம்மா. நகரியில் இட்லிக்கடை வைத்திருந்தவள், பாம்பு கடித்து வந்தவள், வாய் மட்டும் இன்னும் சாகாதவள். புதிதாக வருகிறவர்களைப் பிடித்து நிறுத்தி ஊர் நியாயம் கறப்பது அவள் வேலை. அன்றைக்கு அவள் பக்கத்தில் ஒரு பெரியவர், கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்டி தரணி, இங்க வா. ஒன் வூட்டுக்காரன் ஊர்க்காரரு வந்துகீறாரு பாரு. ரங்கையான்னு பேரு. மாரு வலின்னு சாஞ்சாராம், இங்க வந்து எழுந்துக்கினாரு. இன்னும் செருப்பத் தேடிக்கினே கீறாரு."

ரங்கையா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அந்தப் பொண்ணு? அய்யோ, பவனு கல்யாணம் உனுக்குத் தெரியாதாம்மா?"

தரணியின் கையிலிருந்த குடம் சத்தமில்லாமல் நழுவியது.

"அவன் தம்பி முரளிக்குப் பொண்ணு பாத்துக்கினே கீறாங்க, ஒண்ணும் தெகைய மாட்டேங்குது. பெரியவன் கல்யாணம் ஆவாம மண்ணுக்குப் போய்ட்டான், அதான் தடுக்குதுன்னு சொல்லிட்டாங்க. அப்பவே செஞ்சிருக்கணும். ஆஸ்பத்திரில வெட்டிக் கட்டிக் குடுத்த பொணம், அவசர அவசரமா மாந்தோப்புல பொதச்சிட்டாங்க."

"இன்னா செஞ்சிருக்கணும்?" என்றாள் தரணி.

"ஜில்லேடு கல்யாணம்மா. எருக்கஞ்செடி. கல்யாணம் ஆவாத பையன் செத்தா, எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டிட்டுதான தூக்குவாங்க? தாலி ஏறின கையோட செடிய ஒரே வெட்டு. பொண்டாட்டியும் போய்ட்டா, புருசனும் போய்ட்டான், ஒருத்தருக்கொருத்தர் பாக்கியில்ல. இவங்க இப்பதான் செஞ்சாங்க. பொதச்ச எடத்துல, அவன் நெஞ்சுக்கு நேரா செடிய நட்டு, மஞ்ச பூசி, பட்டு சுத்தி, மேளமெல்லாம் வெச்சு."

"வெட்டிட்டாங்க இல்ல?" என்று கேட்டது கங்கம்மா.

"எங்க வெட்னாங்க? அருவாள எடுத்ததும் அவங்க அம்மா காஞ்சனா குறுக்க வுழுந்துட்டா. 'எம் மருமவள என் கண்ணெதிர்லயே வெட்டுவீங்களா, எம் புள்ள அங்கயாவது குடும்பம் பண்ணட்டும்'னு செடியக் கட்டிக்கினு ஒரே அழுவ. யாருக்கும் கை வரல, வுட்டுட்டாங்க. தெனம் குடத்துல தண்ணி எடுத்துக்கினு போய் ஊத்துறா. தலைக்குப் பூ வெச்சு வுடுறா. செடி இந்த ஒசரம் கீது." கையைத் தோளுக்கு உயர்த்திக் காட்டினார்.

"போச்சு போ! மாமியா தண்ணி ஊத்தி வளக்கிற மருமவ. ஒனக்கு அந்தக் குடுப்பின இல்லியேடி" என்று சிரிக்கத் தொடங்கிய கங்கம்மா, தரணியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அது உசுரோட கீற செடி" என்றாள் தரணி. "உசுரோட கீறது இங்க எப்பிடி வரும்?"

ரங்கையா தெருமண்ணைப் பார்த்தார். "மேலதாம்மா உசுரு. வேரு கீழ அவன் நெஞ்சு மேலதான கீது."

குடத்தை எடுக்காமல் ஓடினாள். எந்நேரமும் ஒரே நிறத்தில் இருக்கும் அந்த மாலை வெளிச்சத்தில், எங்கள் தெரு முழுக்கக் கதவுகள் அரைத்திறப்பாகத் திறந்தன, எட்டிப் பார்க்காமல் இருக்க நாங்கள் என்ன கல்லா? பச்சைக் கதவை அவள் தள்ளியபோது அது பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே எதுவோ முட்டிக்கொண்டிருந்தது. உடம்பை ஒருக்களித்து நுழைந்தாள். ஈர மஞ்சள், சாம்பிராணி, நனைந்த மாந்தோப்பு மண், இத்தனை நாளாக வேலை செய்யாத மூக்கில் எல்லாம் ஒன்றாக அடித்தன. கதவுக்குப் பின்னால் அது நின்றது. அவள் உயரத்துக்கு. சாம்பல் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே, கும்பிடப் போகும் கைகளைப் போல விரிந்திருந்தன. நடுத்தண்டில் மஞ்சள் கயிறு. கயிற்றில் மூன்று முடிச்சு.

அதற்கு எதிரே பவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கைகள் மணிக்கட்டுவரை மஞ்சள்.

"பவனு. எழுந்திரு. வேற எடத்துக்குப் போய்டலாம்."

"அம்மா கை தெரியுது, தரணி" என்றான். குரலில் குழந்தைபோல ஒரு சந்தோஷம். "தண்ணி ஊத்தும்போது நெஞ்சு ஜில்லுங்குது. இங்க வந்ததிலருந்து எதுவுமே ஜில்லுன்னு இல்ல. உன் கைகூட."

அந்த ஒரு வார்த்தை. அவனுக்காக அப்பன் வீட்டை விட்டவள், உயிரையும் விட்டவள், அந்த ஒரு வார்த்தைக்கு அப்படியே நின்றாள். பிறகு தண்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அங்கே வெட்டாமல் விட்டதை இங்கே பிடுங்கிவிட்டால் முடிந்தது. பிடுங்கினால் அவன் இவளுடையவன். காலை நிலைச்சட்டத்தில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். பால் விரல்களுக்கிடையே பீறிட்டது. சிமெண்டு ஒரு நீளக் கோடாக வெடித்தது. வேர் வந்தது, ஈரமாக, இவள் கை பருமனில், தரைக்கடியிலிருந்து கிளம்பிக் கிளம்பி வந்தது. அடுப்படியைத் தாண்டி. பாயைத் தாண்டி. சம்மணம் போட்ட அவன் கால்களுக்கு நடுவே.

அங்கே அது தரைக்குள் போகவில்லை.

அவன் சட்டைக்குள் போயிற்று.

இன்னொரு முறை இழுத்தாள். பவன் முன்னால் துவண்டான். "அம்மா!" என்றான். கூப்பிட்டது இவளை இல்லை. அவன் கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்து, மோவாயில் சொட்டி நின்றது. தரணி கையை விட்டாள். விட்டதும் வேர் சரசரவென்று தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். எங்கள் தெருவில் யாரும் மூச்சு விடுவதில்லை.

எங்கிருந்தோ தண்ணீர் ஊற்றும் சத்தம். குடத்து வாயிலிருந்து, பதமாக, கொஞ்சம் கொஞ்சமாக. கூடவே ஒரு பெண்ணின் குரல். மேலிருந்து, மண்ணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கொஞ்சலாக.

"வலது காலு எடுத்து வெச்சு வாம்மா."

இலைகள் அசைந்தன. காற்று இல்லை.

தண்டின் அடியில் சிமெண்டு உயர்ந்தது. தாழ்ந்தது. ஒரு சாண் உள்ளே நகர்ந்து மறுபடி உயர்ந்தது. தரணி சுவரோடு ஒட்டினாள். கதவுப் பக்கம் போக வழியில்லை. அது வழியில் வந்துகொண்டிருந்தது. மாவு படிந்த ஓர் இலை அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. ஜில்லென்று இருந்தது.

அது பாயை அடைந்தது. உட்காருவது போல மடிந்தது. இலைகள் ஒவ்வொன்றாக அவன் தோளில். முதுகில். கழுத்தில்.

"பவனு, இங்க பாரு. என்னப் பாரு. பவனு!"

பார்த்தான். இலைகளுக்கு நடுவிலிருந்து முகத்தை மட்டும் இவள் பக்கம் திருப்பினான். கண்கள் இரண்டும் பால் பட்டு வெளுத்திருந்தன. அவளுக்கு ஏதோ சொல்ல நினைத்து வாயைத் திறந்தான்.

நாக்கு இருந்த இடத்தில் கொத்தாக மொட்டுகள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. மேலே மறுபடியும் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

டப்.

ஒன்று வெடித்து, அவன் உதடுகளுக்கு வெளியே விரிந்தது.

டப்.

அடுத்தது.