கணக்கில் வராத குரல்

முதல் குரலே தப்பாக இருந்தது.

திருத்தி முடித்த ஃபைலை ஒருமுறை ஓட்டிக் கேட்காமல் அவள் யாருக்கும் அனுப்பியதில்லை. மெஷினுக்குப் பேச்சுக் கற்றுத்தர எட்டாயிரத்து இருநூறு பேரின் குரல், ஆளுக்கு ஆறு நொடி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஃபைலில். முதல் இடம் எப்போதும் அவள் மகளுக்குத்தான். சோதனைக்காக வீட்டில் பதிவு செய்த "ஒண்ணு, ரெண்டு, மூணு". இன்று அந்த இடத்தில் ஒரு இருமல். பிறகு கரகரத்த ஆண் குரல்.

"கதவு பூட்டியிருக்கு. உள்ளே யாரும் இல்லை."

அலுவலக வாட்ச்மேன். போன மாதம் செத்துப்போனவர்.

அவர் மனைவி வந்து இவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். "அவர் குரலை அழிச்சிடும்மா. செத்த மனுஷனைப் பேச வைக்காதே."

"அழிச்சாச்சுங்க" என்று இவள் சொல்லிவிட்டாள். பச்சைப் பொய். ஃபைலைப் புதிதாக எழுத அரை நாள் ஆகும். யாருக்கு அந்தப் பொறுமை? அவர் குரலைக் கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டு, ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தாள். அவ்வளவுதான். புரோகிராம் அந்த எண் வரைதான் படிக்கும். அதற்குப் பின்னால் கிடப்பவர் இருந்தும் இல்லாதவர்.

விடுமுறை நாள் மதியம். மூடிய திரைகளின் தூசி வாடையும், யாரோ மறந்துபோன ஈரக் குடையின் புழுங்கிய நெடியும், ஏசியின் ஓயாத உறுமலும் தவிர அலுவலகத்தில் எதுவும் இல்லை. ஆறு நொடி முடிந்த பிறகும் ஹெட்ஃபோனில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எண்ணிக்கையைப் பார்த்தாள். 8,199. அப்படியானால் வெளியே கிடப்பது யார்?

அந்த எண்ணைத் தாண்டியும் புரோகிராமைப் படிக்க வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு..." மகள். மூணு வரவில்லை. "அம்மா, இங்கே இருட்டா இருக்கு."

இதை அவள் பதிவு செய்யவே இல்லை. எண்ணிக்கையை 8,200 என்று மாற்றிச் சேமித்தாள். திறந்தாள். 8,199. மறுபடியும் மாற்றினாள். 8,199. மறுபடியும்.

கணவனுக்கு போன் போட்டாள்.

"பாப்பாகிட்ட போனைக் குடுங்க."

"எந்தப் பாப்பா?"

"விளையாடாதீங்க. நம்ம பொண்ணு!"

"நமக்கு ஏதுடி பொண்ணு?" அவன் சிரித்தான். "கம்ப்யூட்டரையே பார்த்துப் பார்த்து மூளை குழம்பிடுச்சா? சீக்கிரம் வா. உன் பையன் சாப்பிடாம உனக்காக உக்காந்திருக்கான்."

அவனுக்குப் பின்னால் ஒரு இருமல்.

"அம்மாவாப்பா?" கரகரத்த கிழட்டுக் குரல். கொஞ்சலாக. "கதவைத் திறந்தே வச்சிருக்கேன்னு சொல்லுங்க."

மேஜைமேல் கிடந்த ஹெட்ஃபோனில் மகள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒண்ணு. ரெண்டு.