உடையவனுக்கு நீண்ட ஆயுள்

டணார்!

மோசூலின் கன்னார் தெருவில் ஒரு கணம் எல்லாச் சுத்தியல்களும் நின்றன. பத்ரானின் பட்டறைத் தரையில் ஒரு பித்தளைக் கெண்டி உருண்டுகொண்டிருந்தது.

"மெதுவா வைக்கக் கூடாதா?" என்றான் பத்ரான்.

"நான் எங்க வச்சேன் மச்சான்? கையைவிட்டு அதுவா குதிச்சிடுச்சு" என்றாள் துர்ரா. முக்பிலின் விதவை. நாளை பத்ரானின் தம்பி ஹம்தூனைக் கைப்பிடிக்கப் போகிறவள்.

ஹம்தூன் வாசலிலிருந்து சிரித்தான். "கெ... கெண்டிக்கே என்னைப் பி... பிடிக்கலை போல!"

துர்ராவும் சிரித்தாள். முக்பில் வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. திக்குவாய்க்காரத் தம்பி விருந்துக்கு இறைச்சி வாங்கக் கிளம்பினான்.

பத்ரான் கெண்டியைத் தூக்கினான். கழுத்தைச் சுற்றி வெள்ளி இழைத்த எழுத்துகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மனிதத் தலை. 'முக்பிலுக்கு, இதன் உடையவனுக்கு, நீண்ட ஆயுள்.'

"அந்தப் பேரைப் பேத்து எடுத்துடுங்க மச்சான். உங்க தம்பி பேரைப் போடுங்க."

"நாளைக்குள்ள புதுசா இழைக்க முடியாது. பேரை மட்டும் எடுத்துடறேன். 'உடையவனுக்கு'ன்னு இருக்கே, அது போதும். சந்தைச் சரக்குல எல்லாம் பேரில்லாம அப்படித்தானே இருக்கு?"

உளி பட்டதும் வெள்ளி சுருண்டு வந்தது. கையில் சுட்டது. எங்கிருந்தோ கற்பூர வாசனை.

"இதுல என்ன ஊத்தி வச்சே?"

துர்ராவின் குரல் இறங்கியது. "அவர் போனப்புறம் உடம்பைக் கற்பூரத் தண்ணியில குளிப்பாட்டினது இதுலதான். கண்ணை மூடறப்போகூட என் கையை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, 'என்னோடதை யாருக்கும் குடுத்துடாதே'ன்னாரு."

"சாகறப்பவும் கெண்டி நெனப்பா? சரியான கஞ்சன்!"

அவள் சிரிக்கவில்லை.

பத்ரான் குனிந்து பார்த்தான். நேராகப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளி முகங்கள் எல்லாம், பெயர் இருந்த வெற்றிடத்தை நோக்கித் திரும்பியிருந்தன.

கண் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மதியம் கல்யாண விருந்து. கழுவுவதற்காக ஹம்தூன் கைகளை நீட்டினான். துர்ரா கெண்டியைச் சாய்த்தாள். இப்போதுதான் கிணற்றிலிருந்து நிரப்பிய குளிர்ந்த தண்ணீர்.

ஆவி பறந்தது.

கற்பூரம் மணத்தது.

ஹம்தூனின் சிரிப்பு பாதியில் அறுந்தது. ஈரக் கை மெல்ல நீண்டு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"ஹம்தூன்?" என்றான் பத்ரான்.

தம்பி திரும்பவில்லை. திக்கலே இல்லாமல், நிதானமாகப் பேசினான்.

"என்னோடதை யாருக்கும் குடுத்துடாதேன்னு சொன்னேனே, துர்ரா."